சாலையோரக் குழி யாரால் வந்தது: இழப்பீட்டு வழக்கில் அதை நிரூபிப்பது எப்படி?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக ஊர்ச் சாலையின் ஓரத்தைத் தோண்டி, மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள். ஐப்பசி மழையில் அந்த இடம் அமுங்கிவிட்டது. வேலை முடிந்து ராத்திரி பைக்கில் வந்த அவருடைய அத்தான், எதிரே வந்த டெம்போவுக்கு வழிவிட ஓரம் ஒதுங்கியபோது அதில் விழுந்து, தொடை எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். போலீஸ் பதிவில் ‘தானாக விழுந்தார்’ என்று இருக்கிறது. சாலையைப் பராமரிக்கும் துறை குழாய் போட்டவர்களைக் கைகாட்டுகிறது. அவர்கள் ஒப்பந்ததாரரைக் காட்டுகிறார்கள். ஒப்பந்ததாரர் மழையைக் காட்டுகிறார். இப்போது குழியையும் மூடிவிட்டார்கள். “குழி இருந்ததற்குப் போட்டோ இருக்கிறது, வழக்கு நிற்குமா?” என்பது கேள்வி.

நிற்கும். ஆனால் அந்த ஒரு போட்டோவை நம்பி நிற்காது. குழி இருந்ததை எதிர்த்தரப்பில் யாரும் மறுக்கப் போவதில்லை. சண்டை நடப்பது அது எதனால் வந்தது என்பதில்தான். காரணத்தை நிலைநாட்டிவிட்டால் மீதி வேலை பாதி குறையும். அதை விட்டுவிட்டால் ஆஸ்பத்திரி பில், சாட்சி எல்லாம் சரியாக இருந்தும் வழக்கு கையை விட்டுப் போகும். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை நீதிமன்றங்களில் இந்த மாதிரி வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

காரணத்துக்கு ஏன் இவ்வளவு எடை? ஆபத்தை உண்டாக்கியவர் எதிர்த்தரப்பே என்றால், அது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று தனியாக நிரூபிக்க வேண்டிய அவசியம் வராது. தோண்டியவருக்குத் தோண்டியது தெரியும். அதுவே இயற்கையாக வந்தது, அல்லது வேறு யாரோ செய்தது என்றால், சாலைக்குப் பொறுப்பானவர் அதை அறிந்திருந்தார் அல்லது அறிந்திருக்க வேண்டும், சரிசெய்ய அவகாசமும் இருந்தது என்பதையெல்லாம் நீங்கள் காட்டியாக வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இது நன்றாகப் புரியும். டெல்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து விழுந்து ஆட்கள் இறந்த வழக்கில், 1966-ல், மாநகராட்சியே பொறுப்பு என்றது நீதிமன்றம். கட்டடம் மாநகராட்சியின் கையில் இருந்தது. அந்த வகைக் கட்டுமானத்தின் ஆயுள் 40, 45 வருடம். அதற்கோ 80 வயது. அது இடிந்து விழுந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டார்கள். ராஜ்கோட்டில் நடந்து போன ஒருவர் மேல் சாலையோர மரம் விழுந்து இறந்த வழக்கில், 1997-ல், மாநகராட்சி பொறுப்பல்ல என்று முடிந்தது. மரம் விழும் நிலையில் இருந்தது மாநகராட்சிக்குத் தெரியும் என்று காட்ட முடியவில்லை. இரண்டு இடத்திலும் உயிர் போயிருக்கிறது, எதிரே நிற்பதும் மாநகராட்சிதான். ஆபத்து எப்படி உருவானது, யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

கொலை வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். உரிமையியல் வழக்கில், இரு தரப்பு சொல்வதில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்றுதான் பார்ப்பார்கள்.

சரி, குழி எதனால் வந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் சாட்சி அந்த இடமேதான். குழாய்க்காகத் தோண்டி மூடிய இடம் அமுங்கினால், பள்ளம் சாலையோடு நீளவாட்டில் ஓடும். அகலம் எங்கும் ஏறக்குறைய ஒரே அளவு, அதாவது ஜேசிபி வாளியின் அகலம். தார் விளிம்பு நேராக வெட்டுப்பட்டிருக்கும். சில இடங்களில் வாளியின் பல் இழுத்த கோடுகூடத் தெரியும். உள்ளே கையை விட்டால் செம்மண்ணும் உடைந்த தார்க்கட்டியும் மெட்டலும் (கருங்கல் ஜல்லி) கலந்து பொலபொலவென்று வரும். முறையாகச் செய்திருந்தால் மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, நனைத்து, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்கி, மேலே மெட்டல் விரித்துத் தார் போட்டிருக்க வேண்டும். தோண்டிய மண்ணை ஒரே தள்ளாகத் தள்ளி, மேலே ஜேசிபியை இரண்டு தடவை ஓட்டிவிட்டுப் போனால், முதல் நல்ல மழையில் அது இறங்கத்தான் செய்யும்.

குழாய்க் கசிவால் வரும் பள்ளம் வேறு மாதிரி இருக்கும். மழை இல்லாத நாளிலும் அந்த இடம் ஈரமாகவே கிடக்கும். மேலே தார் அப்படியே இருக்க, அடியில் மண் கரைந்து பொந்தாகி, ஒரு நாள் பாரவண்டி ஏறும்போது திடீரென்று உள்வாங்கும். தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில் மட்டும் கசிவு கூடுகிறதா என்று பாருங்கள். அந்தத் தண்ணீரை எடுத்துக் குளோரின் சோதனை செய்தால், குழாய்த் தண்ணீரா ஊற்றுத் தண்ணீரா என்று தெரிந்துவிடும். கசிவுதான் காரணம் என்றால், குழாய் பதித்தவரைவிட இப்போது அதைப் பராமரிப்பவர் மேல் பொறுப்பு அதிகமாகப் போகும். காரணம் மாறினால் பிரதிவாதியே மாறுகிறார், கவனியுங்கள்.

சாதாரண சாலைக்குழி ஒழுங்கில்லாத வட்டமாக இருக்கும். சுற்றிலும் வலைவலையாக வெடிப்பு, பெயர்ந்த மெட்டல் சிதறல். பெரும்பாலும் பக்கத்து ஓடை அடைபட்டுத் தண்ணீர் சாலையில் தேங்கியதுதான் மூலம். அப்போது ஓடையையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். தார்மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்து, ஓரத்து மண்ணை உயர்த்தாமல் விட்ட படி போன்ற இறக்கம் இன்னொரு வகை. அதில் உயரத்தை அளந்து குறிப்பதுதான் முக்கியம். கலுங்கை (சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலம்) மூடிய சிலாப் உடைந்திருந்தால் உடைந்த துண்டின் கனத்தையும் கம்பியின் துருவையும் பாருங்கள். பழைய துரு என்றால் நெடுநாள் விரிசல். மரம் விழுந்த வழக்கு என்றால் அடிமரத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். உள்ளே பொந்தும் கறையானும் இருந்தால் ஒரு கதை. ஓடை கட்டுவதற்காக ஒரு பக்கத்து வேரை வெட்டியிருந்தால் முற்றிலும் வேறு கதை. வேரை வெட்டியவர் யார் என்று காட்டிவிட்டால், ராஜ்கோட் தீர்ப்பைக் காட்டி எதிர்த்தரப்பு தப்பிப்பது கஷ்டம்.

அறுந்து விழுந்த மின்கம்பி மட்டும் தனி. மின்சாரத்தைக் கையாளுகிறவர் கவனக்குறைவு இல்லாமலிருந்தாலும் பொறுப்பு என்று 2002-ல் மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாரோ கொக்கி போட்டு மின்சாரம் திருடியதால் வந்தது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

இனி மழை வாதம். நம் குமரி மாவட்டத்தில் இதைச் சொல்லாத பிரதிவாதியே இல்லை. இதற்கு நான் எப்போதும் வைக்கும் பதில் ஒன்று உண்டு: அதே மழை அந்தச் சாலையின் தோண்டாத பகுதியிலும் பெய்ததே, அங்கே ஏன் இறங்கவில்லை? அதனால் குழியை மட்டும் எடுக்காமல் இரண்டு பக்கமும் ஐம்பது மீட்டர் தூரத்துக்குச் சாலையைப் படம் எடுங்கள். தோண்டாத தார் உறுதியாக இருப்பதும், தோண்டிய கோடு மட்டும் இறங்கியிருப்பதும் ஒரே படத்தில் வந்தால், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அடுத்தது மழை அளவு. பாலமோர், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, தக்கலை, இரணியல், குழித்துறை, கொட்டாரம், மயிலாடி என்று மாவட்டம் முழுக்க மழைமானிகள் இருக்கின்றன. தினமும் காலையில் அளந்து ஆட்சியர் அலுவலகத்துக்குக் கணக்குப் போகிறது. விபத்துக்கு முந்தைய வாரத்துக் கணக்கையும், கடந்த பத்து வருட ஐப்பசிக் கணக்கையும் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிவிடுங்கள். எதிர்பார்க்கவே முடியாத இயற்கைச் சீற்றம் என்றால்தான் அது தற்காப்பாகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது விழுந்த மரத்தைப் பற்றி அப்படிச் சொன்னால் கேட்கலாம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டத்தில் ஐப்பசியில் மழை பெய்ததை எதிர்பார்க்கவில்லை என்று ஒரு ஒப்பந்ததாரர் சொன்னால், அதைக் கணக்கை வைத்தே மறுக்கலாம்.

இடத்துக்கு அடுத்தபடி காகிதம். தகவல் உரிமை மனுவில் பலரும் செய்யும் தவறு, “ஏன் சரியாக மூடவில்லை?” என்று கேட்பது. ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அந்தச் சட்டத்தில் கடமை இல்லை. இருக்கும் ஆவணத்தைத்தான் தர வேண்டும். ஆகவே ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சாலையைத் தோண்ட யார் எந்தத் தேதியில் அனுமதி கேட்டார்கள், அனுமதிக் கடிதம், அதிலுள்ள நிபந்தனைகள், சாலையைப் பழையபடி ஆக்கக் கட்டிய தொகை, ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (வேலையில் குறை வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம்) எவ்வளவு, அளவுப் புத்தகத்தில் (செய்த வேலையை அளந்து எழுதிப் பணம் கொடுக்க வைத்திருக்கும் பதிவு) மண் நிரப்பியதற்கும் இறுக்கியதற்கும் எழுதிய பக்கங்கள், வேலை முடிந்ததாகக் கையெழுத்திட்ட தேதி, அந்தச் சாலை பற்றி வந்த புகார்ப் பதிவேடு. இதில் அளவுப் புத்தகம்தான் தங்கம். அடுக்கடுக்காக இறுக்கியதாக அதில் எழுதிப் பணமும் வாங்கியிருந்து, களத்தில் மண் பொலபொலவென்று இருந்தால், எதிர்த்தரப்பின் காகிதமே உங்கள் சாட்சியாகிவிடும். இறுக்கியதாக எழுதவே இல்லை என்றாலும் நல்லதே.

மனுவுக்குப் பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: அந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜெ) ஆவணத்தை மட்டும் தரவில்லை, வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. நிரப்பிய மண்ணின் மாதிரியை அந்த வழியாகக் கேட்கலாம். மண் ஆய்வகம் உள்ள பொறியியல் கல்லூரியில் சோதித்தால், எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைச் சதவீதமாகவே சொல்வார்கள்.

தெரிந்திருந்தது என்பதற்கும் ஆவணம் தேடுங்கள், தோண்டியவர் மீது வழக்கு என்றாலும் சாலைத் துறையையும் சேர்க்கப் போகிறீர்கள் அல்லவா. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் யாராவது மனு கொடுத்திருந்தால் ரசீது இருக்கும். கிராம சபைத் தீர்மானம், நெடுஞ்சாலைத் துறையின் ‘நம்ம சாலை’ செயலியில் போட்ட புகார், முதல்வரின் உதவி எண் 1100-க்குச் செய்த அழைப்பின் எண் எல்லாம் உதவும். ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதத்துக்கு முன்பே யாராவது “குழி பெருசாயிட்டு வருது, கவனம்” என்று படம் போட்டிருப்பார்கள். அதை அனுப்பியவரைத் தேடிப்பிடித்து, அவர் போனில் இருக்கும் மூலப்படத்தை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எதிரே டீக்கடை வைத்திருப்பவர், காலையில் பால் கொண்டு போகிறவர், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள்: நாள்தோறும் அந்த வழி போகிறவர்களின் சாட்சிதான் எவ்வளவு நாள் அந்தக் குழி கிடந்தது என்பதைச் சொல்லும்.

படம் எடுப்பதில் ஒரு நுணுக்கம். குழியை மட்டும் குளோசப்பில் எடுத்தால் அது எந்த ஊர்க் குழி என்று கேட்பார்கள். பக்கத்து மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண் தெரிகிற மாதிரி ஒன்று, கம்பத்திலிருந்து குழிவரை டேப் பிடித்து ஒன்று, ஆழத்தை அளக்கும் டேப்பின் எண் தெளிவாக ஒன்று, அந்தக் கம்பத்தில் விளக்கு எரிகிறதா என்று ராத்திரியில் ஒன்று. தடுப்பு, சிவப்பு ரிப்பன், எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லாததும் படத்தில் வர வேண்டும். படம் எடுத்த போனைப் பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலில் படத்தோடு வரும் தேதி, இட விவரங்கள் போய்விடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ன்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியைக் கருவியை வைத்திருப்பவரும் இன்னொன்றை நிபுணரும் தர வேண்டும். கடை சிசிடிவி இருந்தால் அன்றைக்கே கேளுங்கள்; சில வாரத்தில் அதன்மேலேயே வேறு பதிவு ஏறிவிடும்.

அடுத்தது, குழிக்கும் எலும்பு முறிவுக்கும் உள்ள தொடர்பு. இங்கேதான் ‘தானாக விழுந்தார்’ என்ற பதிவு இடிக்கும். ஆஸ்பத்திரியில் முதலில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகலை வாங்கிப் பாருங்கள். ‘சாலைப் பள்ளத்தில் பைக் இறங்கி’ என்று அதில் இருந்தால் பெரிய பலம். வலி தாங்காத நேரத்தில் சொன்னது, வழக்கு யோசனை வருவதற்கு முன்னால் சொன்னது என்பதால் நீதிபதிகள் அதற்கு மதிப்புக் கொடுப்பார்கள். வெறும் ‘பைக்கிலிருந்து விழுந்து’ என்று இருந்தாலும் அது பள்ளத்தை மறுக்கவில்லை. கூட்டிக்கொண்டு போனவரின் சாட்சியால் நிரப்பலாம். பைக்கை அவசரப்பட்டு ஒர்க்‌ஷாப்பில் விடாதீர்கள். முன்சக்கர ரிம் வளைவு, ஃபோர்க் அடி, எந்தப் பக்கம் உரசல் என்பதெல்லாம் பள்ளத்தின் விளிம்போடு பொருந்த வேண்டும். பார்வை மகஜரும் (போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு) மாதிரி வரைபடமும் போட்டிருந்தால் நகல் வாங்குங்கள். வரைபடத்தில் பள்ளம் குறிக்கப்படவில்லை என்றால் இப்போதே நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று ஒரு காகிதத்தில் எழுதியதாலேயே உரிமையியல் நீதிமன்றம் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாது.

டெம்போவையும் காரணமாகச் சொல்வார்கள். எதிரே வண்டி வந்தால் ஓரம் ஒதுங்குவது எல்லோரும் செய்வதே. அந்த ஓரத்தைத் தோண்டியவர் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும். வேகம், ஹெட்லைட், லைசென்ஸ் பற்றிக் கேள்வி வரும், உண்மையைச் சொல்லுங்கள். அத்தான் பக்கம் ஓரளவு தவறு இருந்தாலும் இழப்பீட்டில் அந்தப் பங்கு குறையும், வழக்கு தள்ளுபடி ஆகாது. ஹெல்மெட் போடவில்லை என்பதைக் கால் முறிவு வழக்கில் பெரிதாக்க முடியாது.

குழியை மூடிவிட்டார்களே என்று கலங்க வேண்டாம். மூட வந்தது யாருடைய ஆட்கள், எந்த வண்டி என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த இடம் யாருடைய பொறுப்பு என்பதற்கு அதுவே சான்று. புதுத் தார் ஒட்டின் விளிம்பு பழைய வெட்டுக்கோட்டோடு பொருந்துவதைப் படம் எடுங்கள். அதோடு, குழாய் அந்த ஒரு இடத்தோடு நின்றிருக்காது. அதே கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். ஒரே மாதிரி மூடிய இடங்கள் வேறு எங்கெல்லாம் அமுங்கியிருக்கின்றன என்பது, உங்கள் இடத்தில் நடந்தது தற்செயல் இல்லை என்று காட்டிவிடும்.

யார் மேல் வழக்கு? மூவர் மேலும் போடுங்கள். யாரிடம் நிவாரணம் கிடைக்கும் என்ற ஐயம் இருந்தால் எல்லோரையும் ஒரே வழக்கில் சேர்க்க உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 1 விதி 7 இடம் தருகிறது. ஒருவரையொருவர் கைகாட்டுவதை அவர்கள் நீதிபதி முன்னால் செய்யட்டும். அதில் பல உண்மை தானாக வெளியே வரும். அவர்கள் மட்டுமே அறிந்த விஷயங்களை விளக்கும் சுமை, சாட்சியச் சட்டப் பிரிவு 109-ன்படி, அவர்கள் மேலேயே இருக்கிறது. இன்னொரு வண்டியின் தவறு இல்லாததால் இது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகிற வழக்கு அல்ல, உரிமையியல் நீதிமன்றம்தான். மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் (அரசுக்கு நேரடியாக உத்தரவிடக் கேட்கும் மனு) போடலாமே என்று சிலர் சொல்வார்கள். உண்மைகள் மறுக்கப்படாத வழக்கில் அது பயன்படும். காரணமே தகராறாக இருக்கும்போது சாட்சி விசாரணைக்குக் கீழே போகச் சொல்லும் வாய்ப்பு அதிகம்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவைப் பற்றியும் கேட்பீர்கள். சாலைத் தரத்தைப் பின்பற்றாமல் மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. அந்தப் பணம் மோட்டார் வாகன விபத்து நிதிக்குப் போகும், அத்தானுக்கு வராது. இழப்பீட்டு வழக்குக்கு அது மாற்று அல்ல.

கடைசியாகக் காலக்கெடு. அரசு மேல் வழக்குப் போடும் முன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 80-ன்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சட்டப்படி செய்த அல்லது செய்யாமல் விட்ட செயலுக்கான இழப்பீட்டுக்குக் காலவரம்புச் சட்டத்தின் 72-வது இனம் ஒரு வருடம்தான் தருகிறது. இந்த மாதிரி வழக்குக்கு அது பொருந்துமா என்று வாதிடலாம், ஆனால் அந்த வாதத்தை நம்பி இருக்காதீர்கள். ஒரு வருடம்தான் உங்கள் கெடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் கொடுத்த இரண்டு மாதத்தை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். தகவல் உரிமைப் பதில் வர ஒரு மாதம், மேல்முறையீட்டுக்கு இன்னொன்று. அத்தான் எழுந்து நடக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் கெடு ஓடிவிடும். தகவல் உரிமை மனுவை இந்த வாரமே அவர் கையெழுத்தோடு அனுப்பிவிடுங்கள். செலவு பாரமாக இருந்தால் நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். வருமான வரம்புக்குள் இருந்தால் வழக்கறிஞரையும் நீதிமன்றக் கட்டணத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.